பள்ளிக் கணினியின் கட்டுப்பாட்டை நீக்க ஐந்து வழிகள்: யாருக்கு எது பொருந்தும்?

"எங்கள் எடுசேவ் பணத்தில் வாங்கிய கணினி. அதில் ஒரு செயலியை நிறுவுவதற்குப் பள்ளியின் அனுமதி எதற்கு?" சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. (எடுசேவ் என்பது மாணவரின் கல்விச் செலவுக்காக அரசு பணம் போடும் கணக்கு.) அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட முடியுமா என்று அடுத்த மூச்சில் கேட்பார்கள். முடியும். ஆனால் அந்த "எடுத்துவிடுவது" என்ற சொல்லுக்குள் ஐந்து வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. சிலவற்றை ஒரு படிவத்தை நிரப்பி முடித்துவிடலாம். ஒன்றைச் செய்தால் பிள்ளையின் ஓராண்டுக் குறிப்புகளே காணாமல் போகலாம். எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கணினிச் சிக்கல்களில் சில ஆண்டுகளாக உதவி வருவதால், இந்த ஐந்தையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முடிவெடுக்க முடியாமல் நிற்கும் பெற்றோருக்கும், இதைப் படிக்க நேரும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

## பூட்டு எங்கே இருக்கிறது?

2020 மார்ச்சில் கல்வியமைச்சு தேசிய மின்னிலக்க அறிவுத்திறன் திட்டத்தை அறிவித்தபோது, உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தனிப்பட்ட கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்ற இலக்குக்கு 2028 வரை காலம் வைத்திருந்தது. அடுத்த மாதமே கொவிட்-19 காரணமாகப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறின. இலக்கும் 2021 இறுதிக்கு முன்னதாக நகர்த்தப்பட்டது. ஐபேட், குரோம்புக், விண்டோஸ் மடிக்கணினி ஆகியவற்றில் எது வேண்டும் என்பதைப் பள்ளி முடிவு செய்கிறது. பணம் பெரும்பாலும் பிள்ளையின் எடுசேவ் கணக்கிலிருந்து போகிறது. அதற்கு உதவியாக 2020இல் தகுதியுள்ள மாணவர்களின் கணக்கில் 200 வெள்ளி கூடுதலாகப் போடப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தனியாக மானியமும் உண்டு.

ஆகவே சாதனம் குடும்பத்தின் உடைமை. அமெரிக்காவின் பொதுப் பள்ளிகள் பலவற்றில் நடப்பதுபோல் பள்ளி தன் கணினியை இரவல் கொடுத்துவிட்டுப் பின்னர் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இங்கே இல்லை. அங்கே கட்டுப்பாட்டை நீக்குவது அடுத்தவர் பொருளில் கை வைப்பதாகும். இங்கே உடைமை நம்முடையது, நிர்வாகம் பள்ளியுடையது. பெற்றோருக்கு ஏற்படும் எரிச்சலின் வேர் இந்த இரட்டை நிலைதான். அந்த எரிச்சல் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பூட்டு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. சாதனத்தில் நிறுவப்பட்ட நிர்வாகச் செயலி, அதாவது சாதனத்தைப் பள்ளி தொலைவிலிருந்து கட்டுப்படுத்த உதவும் மென்பொருள், முதல் இடம். பிள்ளை உள்நுழையும் பள்ளிக் கணக்கு இரண்டாவது இடம். மூன்றாவது இடம் சாதனத்துக்கு வெளியே, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் சேவையகங்களில் இருக்கிறது. இந்த வன்பொருள் இந்தப் பள்ளியின் நிர்வாகத்தைச் சேர்ந்தது என்ற பதிவு அங்கே வைக்கப்படுகிறது. இப்படிப் பதிவான சாதனத்தை முழுமையாக அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனாலும், இணையத்தில் இணைந்த அடுத்த நிமிடமே அது பள்ளியின் பெயரைக் காட்டி, பள்ளிக் கணக்கைக் கேட்கும். "ரீசெட் செய்தால் எல்லாம் போய்விடும்" என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது பாதி உண்மை. குறிப்புகள், படங்கள், பாதியில் நிற்கும் ஒப்படைப்பு எல்லாம் போய்விடும். கட்டுப்பாடு அப்படியே இருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஒவ்வொரு வழியையும் பின்வரும் கேள்விகளால் எடை போடுகிறேன். செய்த மாற்றத்திலிருந்து எளிதில் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? பள்ளி நேரத்துப் பாடங்களுக்கும் மாணவர் கற்றல் தளத்துக்கும் இடையூறு வருமா? கையிலிருந்து எவ்வளவு பணம் போகும், உத்தரவாதமும் காப்புறுதியும் நிலைக்குமா? சாதனத்தின் பாதுகாப்பு குறைந்தால் அதைக் கவனிக்கும் பொறுப்பு யார் மேல் விழும்? இவற்றோடு, அட்டவணைக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. இந்த மாற்றத்துக்குப் பிறகு பிள்ளையும் பெற்றோரும் ஒருவரிடம் ஒருவர் மறைப்பதற்கு ஏதேனும் மிஞ்சுமா?

இவற்றுக்கெல்லாம் முன்பு, உண்மையில் தடையாக இருப்பது எது என்பதைப் பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். "எல்லாமே தடை" என்று தொடங்கும் பேச்சு, பத்து நிமிடங்களில் ஒரு குறிப்பிட்ட காணொளித் தளம், ஓர் இசைச் செயலி, இரவில் அணைந்துபோகும் திரை என்று ஏதோ ஒன்றில் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஒன்று எது என்று தெரிந்தாலே பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

## எதையும் மாற்றாமல் விட்டால்

இதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. மற்றவற்றை அளப்பதற்கான அடிக்கோடாக வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் எதையும் தெரிவு செய்யாவிட்டால் இயல்பு அமைப்பு தொடரும். ஆட்சேபத்துக்குரிய இணையப் பக்கங்கள் தடுக்கப்படும், பாடத்துக்கு வேண்டிய செயலிகள் மட்டும் இருக்கும், குறித்த நேரத்துக்குப் பின் சாதனம் உறங்கும். அந்த உறக்க நேரம் முன்பு இரவு 11 மணியாக இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து 10.30 ஆனது. உயர்நிலை ஒன்றில் சேரும் 13 வயதுப் பிள்ளைக்கு இது நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடித்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் உயர்நிலை நான்கு மாணவருக்கு அதே அமைப்பு இறுக்கமாக இருக்கிறது.

மாற்றாமல் விடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை 2024 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில், கல்வியமைச்சு பயன்படுத்திய மொபைல் கார்டியன் என்ற நிர்வாகச் செயலியின் நிறுவனத்திலிருந்து 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், ஊழியர் ஆகியோரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. ஆகஸ்ட் 4ஆம் தேதி அதே நிறுவனத்தின் தளத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தவர்களால், 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அதன்பின் எல்லா ஐபேட்களிலிருந்தும் குரோம்புக்குகளிலிருந்தும் அந்தச் செயலியை அமைச்சு நீக்கியது. தேர்வு நெருங்கிய நேரத்தில் குறிப்புகளை இழந்த பிள்ளைகள் எந்தத் தவறும் செய்தவர்கள் இல்லை. தொலைவிலிருந்து சாதனத்தைக் காக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, அவர் கையிலோ அவரிடமிருந்து பறித்தவர் கையிலோ அதை அழிக்கும் அதிகாரமும் இருக்கிறது. ஆகவே எந்த வழியைத் தெரிவு செய்தாலும், வாரம் ஒருமுறை குறிப்புகளைப் பள்ளிச் சாதனத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

## வழி ஒன்று: பெற்றோருக்கான தெரிவுகள்

பலருக்கு இப்படியொரு தெரிவு இருப்பதே நினைவில் இல்லை. உயர்நிலை ஒன்று தொடங்கும் பரபரப்பில், சீருடை, பாடநூல், பேருந்து அட்டை ஆகியவற்றுக்கு நடுவே வந்த ஒரு படிவம் அது. பள்ளி நேரத்தில் நிர்வாகச் செயலி எல்லாருக்கும் கட்டாயம். பள்ளி நேரம் முடிந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெற்றோருக்கு இயல்பு அமைப்பைத் தவிர இரண்டு தெரிவுகள் உண்டு.

ஏ தெரிவில் நிர்வாகம் பெற்றோர் கைக்கு வருகிறது. திரை நேரத்தையும் தடுக்கப்படும் தளங்களையும் பெற்றோர் மாற்றலாம். கூடுதல் செயலிகளை நிறுவ இடமுண்டு. அப்படி நிறுவியவை பள்ளி நேரத்தில் முடங்கியிருக்கும், மாலையில் மீண்டும் இயங்கும். பி தெரிவில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நிர்வாகச் செயலி செயலற்று இருக்கும். வடிகட்டியும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. நம் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கிய கணினியைப் போல அது நடந்துகொள்ளும்.

இரண்டுக்கும் பணச் செலவு கிடையாது, உத்தரவாதம் பாதிக்கப்படாது. பிடிக்காவிட்டால் பள்ளிக்கு எழுதி மாற்றிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தேடுவது இதைத்தான்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஏ தெரிவை எடுத்த வீட்டில் யாராவது ஒருவர் நிர்வாகியாக உட்கார வேண்டும். எந்தச் செயலியை அனுமதிப்பது, விடுமுறையில் நேரத்தை எவ்வளவு நீட்டிப்பது, பாட்டி வீட்டுக்குப் போகும்போது என்ன செய்வது என்று வாரந்தோறும் சிறு சிறு முடிவுகள் வந்துகொண்டே இருக்கும். அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட் வேலை பார்க்கும் வீட்டில், முதல் மாதத்து ஆர்வம் தணிந்ததும் கடவுச்சொல் பிள்ளையிடமே போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போது பெயருக்கு ஏ தெரிவு, நடைமுறையில் பி தெரிவு. தெரிந்தே பி தெரிவை எடுப்பது அதைவிட நேர்மையானது. பி தெரிவில் சாதனத்தின் பாதுகாப்பு முழுவதும் நம் பொறுப்பு. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை என்ன பார்க்கிறது என்பதை எந்தச் செயலியும் நமக்காகக் கவனிக்காது.

என் பரிந்துரை: உயர்நிலை ஒன்று, இரண்டில் இயல்பு அமைப்போ ஏ தெரிவோ இருக்கட்டும். உயர்நிலை மூன்றுக்குப் பின், தன் நேரத்தைத் தானே ஓரளவு ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு பி தெரிவைக் கொடுத்துப் பார்க்கலாம். கொடுக்கும்போதே, மூன்று மாதம் கழித்து இதைப் பற்றி மீண்டும் பேசுவோம் என்று சொல்லிக் கொடுங்கள்.

கண்காணிப்பைப் பற்றியும் இங்கே ஒரு சொல். இணையத் தேடல் வரலாறு, சாதன அமைப்புகள், நிறுவிய செயலிகள் ஆகிய தகவல்களை நிர்வாகச் செயலி திரட்டும் என்றும், கடவுச்சொற்கள், இணையத்தில் இடும் பதிவுகள், சாதனத்தில் சேமித்த ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றைத் திரட்டாது என்றும் அமைச்சு பெற்றோருக்கு விளக்கியிருக்கிறது. வகுப்பு நடக்கும்போது ஆசிரியரால் மாணவரின் திரையைப் பார்க்க முடியும். இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தன் திரையை இன்னொருவர் பார்க்கக்கூடும் என்பதை வகுப்பில் நண்பன் சொல்லித்தான் ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டுமா?

## வழி இரண்டு: பள்ளியிடம் ஒரே ஒரு தளர்வைக் கேட்பது

தடை ஒரு தளத்தையோ ஒரு செயலியையோ பற்றியதாக இருந்தால் இதுவே மிகச் சிறந்த வழி. வடிகட்டிகள் தளங்களை வகை பிரித்துத்தான் தடுக்கின்றன. மருத்துவம், வரலாறு, விவாதப் போட்டிக்கான தலைப்புகள் போன்றவற்றில் நல்ல தளங்களும் சிக்கிக்கொள்வது உண்டு. பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவு ஒரு முகவரியை மட்டும் திறந்துவிட முடியும்.

கேட்கும் முறை முக்கியம். "கணினி சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பதில் வராது. தடுக்கப்பட்ட பக்கத்தின் முழு முகவரி, தடை என்று காட்டும் திரையின் படம், அது எந்தப் பாடத்துக்கு அல்லது எந்த இணைப்பாட நடவடிக்கைக்குத் தேவை என்பது, எந்தத் தேதி வரை தேவை என்பது ஆகியவற்றை நான்கு வரிகளில் பாட ஆசிரியருக்கு எழுதி, வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பினால் வேலை நடக்கும். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நியாயமான காரணத்தை மரியாதையோடு எழுதிக் கேட்டுப் பெறும் பழக்கம், திறந்துவிடப்பட்ட அந்தத் தளத்தைவிடப் பிள்ளைக்கு நீண்ட நாள் உதவும்.

செலவு என்பது காத்திருப்புதான். மறுப்பு வந்தாலும் நிலைமை முன்பைவிட மோசமாகாது.

## வழி மூன்று: வேறொரு கணினி

நிரல் எழுதிப் பழக, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்க, இசை அமைக்க, காணொளி வெட்டி ஒட்ட ஆசைப்படும் பிள்ளைக்குப் பள்ளிச் சாதனம் எந்தத் தளர்விலும் போதாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நிர்வாகி உரிமை தன் கையில் இருக்கும் கணினி வேண்டும். கெடுத்துவிட்டுத் தானே சரிசெய்யும் சுதந்திரம் வேண்டும். கல்விக்காக வாங்கிய சாதனத்தில் அதைச் செய்யச் சொல்வது, தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையோடு சேற்றில் விளையாடச் சொல்வதைப் போன்றது.

விலையைக் கண்டு மலைக்க வேண்டாம். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய மடிக்கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகளில் சில நூறு வெள்ளிக்கு நல்லது கிடைக்கிறது. கணினியின் மூளையான நுண்செயலி இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள். அதற்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் மட்டும் போதும் என்றால் அதைவிடப் பழைய கணினியும் உதவும். விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கிய ராஸ்பெர்ரி பை 400, 2020 நவம்பரில் 70 அமெரிக்க டாலர் விலையில் அறிமுகமானது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தால் பைத்தான் நிரல்மொழி கற்பதற்கு அது தாராளமாகப் போதும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, மேசையில் இரண்டு திரைகள் இருக்கும்போது வீட்டுப்பாடம் எதில் முடிகிறது, விளையாட்டு எதில் தொடங்குகிறது என்பது குழம்பிவிடும். இரண்டாவது கணினியைக் கூடத்தில் வைத்த வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. மற்றொன்று, அந்தக் கணினிக்கு நாம்தான் காவல்: புதுப்பிப்பு, வைரஸ் தடுப்பு, காப்புப் பிரதி எல்லாம்.

பணம் ஓரளவு இருக்கிறது, பிள்ளைக்கு உண்மையான ஆர்வமும் இருக்கிறது என்றால், ஐந்திலும் நான் மனமாரப் பரிந்துரைப்பது இதைத்தான்.

## வழி நான்கு: பூட்டைத் தானே உடைப்பது

பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் போவதில்லை. ஆகவே நாமும் பேச வேண்டும். குரோம்புக்குகளைப் பள்ளி நிர்வாகத்திலிருந்து கழற்றும் ஒரு முறை 2023 ஜனவரியில் உலகெங்கும் பரவியது. பழுதுபார்ப்பவர்களுக்கென வைத்திருந்த மென்பொருள் வெளியே கசிந்ததால் வந்தது அது. கூகுள் அதன்பின் வந்த பதிப்புகளில் அந்த வழிகளை அடைத்து வந்திருக்கிறது. இப்படி ஒன்று திறப்பதும் அடைபடுவதும் தொடர்ந்து நடக்கின்றன. எந்தக் காலத்திலும் பிள்ளையின் கையில் இருப்பது, பழையதாகிப்போன ஒரு குறிப்பும் முன்பின் அறியாத ஒருவர் கொடுத்த ஒரு கோப்பும்தான்.

எங்கள் புளோக்கில் இருக்கும் உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தன் பள்ளி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். லினக்ஸ் கற்க வேண்டும் என்ற ஆசை. யுஎஸ்பி குச்சியிலிருந்து அதை ஓட்டுவதற்காக, கணினி தொடங்கும்போதே இயங்கும் பயாஸ் அமைப்புக்குள் போய், அறியாத மென்பொருளோடு கணினி தொடங்குவதைத் தடுக்கும் பாதுகாப்புத் தொடக்கத்தை அணைத்துவிட்டு, கூடவே பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் சிப்பில் இருந்ததையும் அழித்திருந்தான். கணினியைத் திறந்ததும் நீலத் திரை வந்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

"அங்கிள், இது எந்தப் பாஸ்வேர்ட்? எனக்கு யாரும் தரவே இல்லையே."

"உனக்குத் தந்த எண் இல்லப்பா இது. பள்ளியோட கணக்குலதான் இருக்கும். திங்கட்கிழமை நீயே போய்க் கேட்கணும்."

அவன் முகம் வாடிவிட்டது. விண்டோஸின் பிட்லாக்கர், வட்டில் உள்ளதையெல்லாம் குறியாக்கம் செய்து, சாவியை டிபிஎம் சிப்புக்குள் பத்திரப்படுத்துகிறது. அந்தச் சிப்பை அழித்தால் எஞ்சுவது மீட்பு எண் ஒன்றுதான், நிர்வகிக்கப்படும் கணினிகளில் அது பள்ளியின் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். நானோ, எந்தக் கடைக்காரரோ அதை வெளியிலிருந்து திறக்க முடியாது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய புவியியல் வேலை அந்த வட்டுக்குள்தான் இருந்தது. அவன் தானே போய் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னான். எண் கிடைத்தது, வேலையும் பிழைத்தது. நிர்வாகம் மட்டும் அசையவே இல்லை.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஆர்வமுள்ள, கூர்மையான பிள்ளைகள். அதனாலேயே இதன் செலவுகளை அவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கழற்றப்பட்ட சாதனம் கடைசியாக எப்போது தொடர்புகொண்டது என்பது நிர்வாகியின் திரையில் தெரியும், ஆகவே இது நெடுநாள் மறைந்திருக்காது. வகுப்பில் ஆசிரியர் அனுப்பும் பாடமும் சோதனையும் அந்தச் சாதனத்துக்கு வராமல் போகலாம். சாதனத்தோடு சேர்த்து வாங்கிய உத்தரவாதமும் காப்புறுதியும் கேள்விக்குள்ளாகும். மாணவரும் பெற்றோரும் ஒப்புக்கொண்ட பயன்பாட்டு விதிகளை மீறியதாகப் பள்ளி நடவடிக்கை எடுக்கலாம். தடையைத் தாண்ட இலவச விபிஎன் போடும் பிள்ளை, பள்ளி பார்த்துக்கொண்டிருந்த தன் இணைய நடமாட்டத்தை யாரென்றே தெரியாத ஒரு நிறுவனத்தின் வழியே அனுப்புகிறது. ஆசிரியரின் அல்லது நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைவது இவற்றையெல்லாம் தாண்டிய விஷயம். அது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். அதில் விளையாட்டுக்கு இடமில்லை என்று பிள்ளையிடம் அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த வழி சிறந்ததாக இருக்கும் சூழல் ஏதேனும் உண்டா என்று நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் படிக்கும் காலத்தில் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை. இதனால் கிடைக்கும் என்று பிள்ளை எதிர்பார்ப்பதையெல்லாம் மற்ற வழிகளில் ஏதாவது ஒன்று குறைந்த செலவில் தருகிறது. பூட்டுகள் எப்படி இயங்குகின்றன என்பதையே கற்க ஆசைப்படும் பிள்ளைக்கு, மூன்றாம் வழியில் வாங்கிய பழைய கணினியே ஆய்வுக்கூடம்.

## வழி ஐந்து: படிப்பு முடிந்ததும் முறையாக விடுவித்துக்கொள்வது

மாணவர் படிப்பை முடிக்கும்போதோ பள்ளியை விட்டு விலகும்போதோ நிர்வாகச் செயலி நீக்கப்படும். முழுமையான, நிரந்தரமான நீக்கம் என்பது இது ஒன்றுதான். ஆனால் செயலியை நீக்குவதும், நிறுவனத்தின் சேவையகத்தில் உள்ள பதிவை நீக்குவதும் தனித்தனி வேலைகள். இரண்டாவது விடுபட்டுப் போனால் கணினி சில மாதம் நன்றாகவே ஓடும். பிறகு ஒருநாள் தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இருக்கும்போது ரீசெட் செய்தால், பழைய பள்ளியின் பெயர் மீண்டும் திரையில் வந்து நிற்கும். பழைய சாதனம் வாங்குபவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். விற்பவர் கண் முன்னே ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, தொடக்கத் திரையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

விடுவித்த பிறகு இது எத்தனை நாளைக்கு உழைக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2021 முதல் வெளியான குரோம்புக் தளங்களுக்குப் பத்தாண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. ஆகவே உயர்நிலை ஒன்றில் வாங்கியது இன்னும் பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்பாக ஓடும். விண்டோஸ் கணினியாக இருந்தால், விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார்த்த பிறகு மெனக்கெடுங்கள். பள்ளிக் கணக்கோடு வந்த மென்பொருள் உரிமங்கள் அந்தக் கணக்கோடு போய்விடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பழைய நிலைக்குத் திரும்புவது | பணம் | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் சூழல் |
|---|---|---|---|---|
| பெற்றோர் தெரிவு ஏ | எளிது | இல்லை | பெற்றோரின் நேரம், வாராவாரக் கவனிப்பு | இளைய மாணவர், மாலையில் ஒரு பெற்றோராவது வீட்டில் இருப்பது |
| பெற்றோர் தெரிவு பி | எளிது | இல்லை | பள்ளி நேரத்துக்குப் பின் எந்த வடிகட்டியும் இல்லை | உயர்நிலை மூன்றும் அதற்கு மேலும், நேர ஒழுங்குள்ள பிள்ளை |
| குறிப்பிட்ட தளர்வு | தேவையே இல்லை | இல்லை | சில நாள் காத்திருப்பு | தடை ஒரு தளத்தையோ செயலியையோ பற்றியது |
| வேறொரு கணினி | எளிது | சில நூறு வெள்ளி | பராமரிப்பு, கவனச் சிதறல் | நிரலாக்கம், இசை, காணொளி ஆகியவற்றில் ஆர்வம் |
| தானே உடைப்பது | கடினம், சில நேரம் முடியாது | பழுது, காப்புறுதி இழப்பு | தரவு இழப்பு, பள்ளி நடவடிக்கை, தீய மென்பொருள் | பள்ளிக் காலத்தில் எதுவும் இல்லை |
| முறையான விடுவிப்பு | தேவையே இல்லை | இல்லை | பழைய கணக்கும் உரிமங்களும் போய்விடும் | படிப்பு முடிந்தவர், பள்ளி மாறுபவர் |

## விடுவிக்கும் நாளில் என்ன செய்வது

கடைசித் தவணை முடிவதற்கு முன்பே தொடங்குங்கள். பள்ளிக் கணக்கு எப்போது மூடப்படும் என்று கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கூகுள் கணக்கு என்றால் டேக்அவுட் சேவை வழியாகவும், மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் ஒன்டிரைவிலிருந்தும் ஆவணங்களைச் சொந்தக் கணக்குக்கோ வெளி வட்டுக்கோ நகலெடுங்கள். வேறு தளங்களில் பள்ளி மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால் அங்கெல்லாம் முகவரியை மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு, பிறகு கடவுச்சொல்லை மீட்க வழியில்லாமல் தவித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு சாதனத்தின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, செயலியை மட்டுமின்றி நிர்வாகப் பதிவையும் நீக்கித் தரும்படி பள்ளிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். வரிசை எண் பெரும்பாலும் கணினியின் அடிப்பக்க ஒட்டுத்தாளில் இருக்கும். ஐபேட் என்றால் அமைப்புகளுக்குள் "பொது" என்ற பகுதியில் கிடைக்கும். நீக்கிவிட்டோம் என்ற பதில் வந்ததும் நகலெடுத்தவை சரியாகத் திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். வீட்டு வைஃபையில் இணைத்து, தொடக்கத் திரை முழுவதும் வரும்வரை காத்திருங்கள். பள்ளியின் பெயரோ, தொலைநிலை நிர்வாகம் என்ற வாசகமோ தெரிந்தால் திரையைப் படமெடுத்து, அதே மின்னஞ்சல் தொடரில் இணைத்து மீண்டும் அனுப்புங்கள். இரண்டும் தெரியாமல் மொழியையும் நாட்டையும் மட்டும் கேட்டால், பிள்ளையின் சொந்தப் பெயரில் முதல் கணக்கைத் தொடங்கலாம்.